ஷவரில் தண்ணீர் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

ஷவரில் தண்ணீர் மெலிந்ததும் பலரின் கை குண்டூசியைத்தான் தேடுகிறது. துளை துளையாகக் குத்துவார்கள். இரண்டு நாள் நன்றாக வரும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். குத்தும்போது உப்பு வெளியே வருவதில்லை. உடைந்து உள்ளே விழுகிறது. விழுந்த துகளைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்துத் துளையில் உட்கார வைக்கிறது. அதோடு ஊசி முனை துளையின் விளிம்பைக் கீறிவிடுவதால், அந்தத் துளையிலிருந்து வரும் தண்ணீர் பிறகு எப்போதும் கோணலாகவே வரும்.

வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் ஷவர்களைக் கழற்றி மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தண்ணீர் வரும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கவனிக்காமல் கையை வைத்தால் துளையில் இல்லாத அடைப்பைத் துளையில் தேடிக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றுக்கும் முன் வாளிச் சோதனை

10 லிட்டர் வாளி ஒன்றும், வினாடி காட்டும் கடிகாரமும் போதும். ஷவரை முழுதாகத் திறந்து, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 60 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 100 வினாடி ஆனால் 6 லிட்டர். குளிர்ந்த தண்ணீருக்கு ஒருமுறை, சுடுதண்ணீருக்குத் தனியாக ஒருமுறை எடுங்கள். பிறகு ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயில் அதே சோதனையைச் செய்யுங்கள். வெறும் குழாயிலிருந்து தண்ணீர் மளமளவென்று பாயும் என்பதால் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

தலையைக் கழற்றியதும் தண்ணீர் கொட்டினால் குற்றம் தலையில். கழற்றிய பின்னும் மெலிவாகவே வந்தால் ஷவர் தலையை எவ்வளவு ஊறவைத்தாலும் பயனில்லை. தடை அதற்குப் பின்னால் இருக்கிறது. கிடைத்த எண்களை எங்காவது குறித்து வையுங்கள். அவை பிறகும் உதவும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது

இதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஒருமுறை நான் குழாயைப் பிடிக்காமல் ஸ்பேனரை மட்டும் போட்டுத் திருகினேன். ஷவர் தலை அசையவில்லை; சுவருக்குள் இருந்த முழங்கை இணைப்பு அசைந்துவிட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துச் சுவரின் மறுபக்கத்தில் வர்ணம் உள்ளங்கை அகலத்துக்கு உப்பிக்கொண்டு வந்தது. தொட்டால் ஈரம். சுவரில் பதித்த ஓடுகளைப் பெயர்த்து, சுவரை உடைத்து, அந்த முழங்கையை மாற்ற வேண்டியதாயிற்று. பத்து நிமிட வேலைக்குக் கொடுத்த விலை அது.

ஆகவே ஒரு கையால், அல்லது இன்னொரு ஸ்பேனரால், சுவரிலிருந்து வரும் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் படும் இடத்தில் துணியைச் சுற்றினால் பளபளப்புப் பூச்சில் கீறல் விழாது. ஷவரின் முகத்தைப் பார்த்தபடி நின்று, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். தலை கழன்று வரும் நொடியில் உள்ளிருக்கும் சிறிய ரப்பர் வாஷர் துள்ளி விழுந்து நேராக அந்த ஓட்டையைத்தான் தேடிப் போகும்.

திருகவே வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். மரையில் உப்பு இறுகியிருக்கிறது என்று பொருள். வினிகரில் நனைத்த துணியை அந்த இணைப்பைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விடுங்கள். இடையில் ஒருமுறை மீண்டும் நனையுங்கள். பெரும்பாலும் இறுக்கம் விட்டுவிடும். அதற்கும் மசியாவிட்டால் குழாய் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவது நல்லது.

அறிகுறி: சில துளைகளில் மட்டும் தண்ணீர், அதுவும் பக்கவாட்டில் பீய்ச்சுகிறது

பாதித் துளைகள் அடைபட்டிருக்கின்றன, மீதித் துளைகளின் வாயில் உப்பு வளர்ந்திருக்கிறது. இதுதான் எல்லா வீடுகளிலும் வரும் தொல்லை. ஒரு தாரை சுவரில் அடிக்கும், ஒன்று கூரையை நோக்கிப் போகும், நடுவில் நிற்பவர் தலையில் மட்டும் தண்ணீர் விழாது.

நாம் பொதுவாக ‘உப்பு’ என்று சொல்வது சமையல் உப்பு அல்ல. பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் பொருள். நிலத்தடித் தண்ணீரில் அது கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. தண்ணீர் சூடாகும்போதும், காற்றில் உலரும்போதும் கரியமில வாயு வெளியேறிவிட, கரையாத வெள்ளைப் படிவு மிஞ்சுகிறது. லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இப்படிப்பட்ட தாதுக்கள் இருந்தால் அதை மிகக் கடினமான தண்ணீர் என்று வகைப்படுத்துகிறார்கள். 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 50 லிட்டர் குளியல் ஒன்றில் 10 கிராம் தாது ஷவர் வழியாகக் கடந்து போகிறது. ஏறக்குறைய எல்லாமே தண்ணீரோடு ஓடிவிடும். குளித்து முடித்தபின் துளை வாயில் தொங்கி, அங்கேயே உலரும் துளிகள்தான் படிவை விட்டுச் செல்கின்றன. பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

துளைகள் ரப்பர் போன்ற மெல்லிய சிலிக்கான் முனைகளாக இருந்தால் வேலை எளிது. கழற்றவே வேண்டாம். தண்ணீரைத் திறந்துவிட்டு, கட்டை விரலால் ஒவ்வொரு முனையையும் இப்படியும் அப்படியும் நெருடுங்கள். படிவு பொருக்குப் பொருக்காக உடைந்து தண்ணீரோடு விழும். அந்த முனைகளை வளையும்படி செய்திருப்பதே இதற்காகத்தான்.

கெட்டியான பிளாஸ்டிக் அல்லது உலோக முகமாக இருந்தால் ஊறவைக்க வேண்டும். கழற்ற மனமில்லாதவர்கள், ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் மூழ்கும்படி பையைத் தூக்கி ரப்பர் வளையத்தால் கட்டிவிடலாம். கழற்றி ஒரு கிண்ணத்தில் முகங்குப்புற வைப்பதையே நான் விரும்புவேன். பையில் ஊறும்போது உதிரும் துகள்கள் தலைக்குள்ளேயே தங்கிவிடும். கழற்றினால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரை ஊற்றி அவற்றை அலசி வெளியேற்றலாம்.

வினிகர் என்றால் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் உள்ள வெள்ளை வினிகர். அதன் வாடை பிடிக்காதவர்கள் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் அளவில் கரைத்துப் பயன்படுத்தலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வெள்ளைப் படிவு உண்டாகக்கூடும். ஒன்றைக் கரைக்கப் போய் இன்னொன்றைப் படிய வைத்த கதையாகிவிடும்.

எவ்வளவு நேரம்? இரவு முழுவதும் ஊறவையுங்கள் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிண்ணத்தின் அருகில் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு துளையிலிருந்தும் கடுகை விடச் சிறிய குமிழிகள் சரம் சரமாக மேலே வரும். காதை வைத்தால் மெல்லிய சீற்றம் கூடக் கேட்கும். அமிலம் படிவைக் கரைக்க, கரியமில வாயு வெளியேறுகிறது. குமிழிகள் நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. படிவு தீர்ந்திருக்க வேண்டும், அல்லது அமிலத்தின் வீரியம் தீர்ந்திருக்க வேண்டும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மீண்டும் குமிழி வந்தால் படிவு இன்னும் இருக்கிறது. வீரியம் போன திரவத்தில் எட்டு மணி நேரம் போடுவதைவிட, புதிய திரவத்தில் அரை மணி நேரமாக இரண்டு மூன்று முறை போடுவது நன்றாக வேலை செய்யும், மேல்பூச்சுக்கும் பாதுகாப்பு.

பூச்சு விஷயத்தில் கவனம் வேண்டும். பொன்னிறம், வெண்கல நிறம், நிக்கல், மங்கலான கருப்பு வர்ணம் போன்றவற்றுக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள். ஏற்கெனவே குரோமியம் பூச்சு உரிந்திருந்தால் உள்ளிருக்கும் பித்தளையை அமிலம் அரிக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிடைத் தொடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். படிவை நொடியில் கரைக்கும், கூடவே குரோமியப் பூச்சையும் கொண்டுபோகும். குளியலறையில் பளிங்குக் கல் பதித்திருந்தால் வினிகர் ஒரு சொட்டுகூட அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான்; விழுந்த இடம் மங்கிப்போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை: வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஊறிய பின் பழைய பல் துலக்கும் பிரஷால் முகத்தைத் தேய்த்து, அடம்பிடிக்கும் துளைகளை மட்டும் மரப் பல்குச்சியால் நெம்புங்கள். இளகிய படிவை எடுக்க மரக்குச்சியே போதும். முகத்தட்டைத் திருகிக் கழற்ற முடியுமானால் கழற்றி உட்பக்கத்தையும் தேய்த்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லாத் துளைகளிலும் ஒரே சீராக, ஆனால் மெலிவாக வருகிறது

குண்டூசிக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். துளைகள் சுத்தமாக இருக்கும். தாரைகள் நேராக, அழகாக, வலுவில்லாமல் விழும். அடைப்பு துளையில் இருந்தால் துளைக்குத் துளை வேறுபாடு தெரியும். எல்லாம் சேர்ந்தே மெலிந்தால் தண்ணீர் தலைக்குள் நுழையும் வாசலில் தடை இருக்கிறது.

தலையைக் கழற்றி, குழாயோடு இணையும் பகுதிக்குள் பாருங்கள். பல ஷவர்களில் நகக்கண் அளவு வட்டமான வலை ஒன்று வாஷரோடு சேர்ந்து இருக்கும். அதுதான் வடிகட்டி. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். அடைபட்ட வலையில் ஊடுருவாது. சாம்பல் நிறக் களிம்பும், மணலும், குழாய் இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் வெள்ளை நூல்களும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். குச்சியால் மெதுவாக நெம்பி எடுத்து, தலைகீழாகத் திருப்பி, தண்ணீர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் ஓங்கி அலசுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை.

வலையில் கிடக்கும் துகள் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. கொஞ்சத்தை ஒரு கரண்டியில் வைத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்புப் படிவு. அசையாமல் நறநறவென்று கிடந்தால் மணல். தொட்டி அல்லது குழாயின் பக்கம் கவனிக்க வேண்டும். செம்பழுப்பாகக் கறை விட்டால் துரு. எங்கோ ஓர் இரும்புக் குழாய் அரிக்கிறது. துருக்கறைக்கு வினிகரை விடச் சிட்ரிக் அமிலம் நன்றாக வேலை செய்யும். துகள் தொல்லை கொடுக்கிறது என்று வலையை எடுத்தெறிந்துவிட்டு மாட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அதே மணல் நேராகத் துளைகளுக்குப் போய்ச் சேரும்.

வலைக்குப் பக்கத்திலேயே சிறு துளையுள்ள பிளாஸ்டிக் வட்டு ஒன்றும் இருக்கலாம். தண்ணீரைச் சேமிக்க வேண்டுமென்றே ஓட்டத்தைக் குறைக்கும் வட்டு அது. அடைப்பு என்று நினைத்து அதைத் துளைத்துப் பெரிதாக்கிவிடாதீர்கள். உப்பு ஒட்டியிருந்தால் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

கையில் பிடிக்கும் ஷவராக இருந்தால் குழலையும் பாருங்கள். வெளியே உலோகச் சுருள் நன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் முறுக்கிக்கொண்டு மடிந்திருக்கும். இரு முனையையும் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊதுவது சிரமமாக இருந்தால் குழலை மாற்றுங்கள். அதைப் பழுதுபார்க்க வழியில்லை.

அறிகுறி: தலையைக் கழற்றிய பின்னும் மெலிவு

மற்றக் குழாய்களிலும் அப்படித்தான் வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் மெலிவு என்றால் தொட்டியின் வெளிவழியோ முதன்மை வால்வோ காரணம். குளியலறைக்கு மட்டும் போகும் வால்வை யாரோ பாதி மூடிவிட்டு மறந்திருப்பதும் நடக்கும்.

மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால் உயரம்தான் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு). தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல் தளத்தில் ஷவருக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் 2 மீட்டர்தான் இடைவெளி என்றால் 0.2 பார்தான் கிடைக்கும். எந்தத் தலையைச் சுத்தம் செய்தாலும் அங்கே மழை கொட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஷவர் தலையோ, அழுத்தம் கூட்டும் பம்போதான் வழி.

அறிகுறி: குளிர்ந்த தண்ணீர் நன்றாக வருகிறது, சுடுதண்ணீர் மட்டும் மெலிவு

ஷவர் தலையைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு தண்ணீரும் ஒரே தலை வழியாகத்தானே வருகின்றன. தடை கீசரின் பக்கம் இருக்கிறது: அதன் நுழைவு வால்வு, அங்குள்ள வடிகட்டி, அல்லது உள்ளே படிந்த சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட் சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். ஆகவே வீட்டிலேயே அதிகமாகப் படிவு சேரும் இடம் கீசர்தான். மின்சாரத்தைத் துண்டிக்காமல் அதில் கை வைக்க வேண்டாம். உள்ளே திறந்து சுத்தம் செய்வதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. உடனடியாகச் சுடவைக்கும் மின் ஷவரில் தலை அடைபட்டால் ஓட்டம் குறைந்து தண்ணீர் தாங்க முடியாத சூட்டில் வரும், அல்லது பாதுகாப்பு சுவிட்ச் இடையிடையே மின்சாரத்தை நிறுத்திவிடும். கீசர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஷவர் தலையை ஊறவைத்துப் பாருங்கள்.

அறிகுறி: மூடிய பிறகும் சொட்டுகிறது

மூடிய சில நிமிடங்கள் சொட்டி நின்றுவிட்டால் பழுதில்லை. தலைக்குள் தேங்கிய தண்ணீர் வடிகிறது. அகலமான முகமுள்ள ஷவர்களில் திடீரென்று ஒரு கை தண்ணீர் தலையில் கொட்டுவதும் இதனால்தான். மணிக்கணக்கில் சொட்டினால் ஷவர் தலைக்கு அதில் பங்கில்லை. சுவரில் உள்ள வால்வின் வாஷரோ, கார்ட்ரிட்ஜ் எனப்படும் உள்பாகமோ தேய்ந்திருக்கிறது.

குழாயும் தலையும் சேரும் இடத்தில் கசிந்தால் அது வேறு. உள் வாஷர் தட்டையாகிக் கெட்டிப்பட்டிருக்கும்; நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. புதியதைப் போடுங்கள். மரையில் இருந்த பழைய டேப்பை முழுதும் உரித்துவிட்டு, நீங்கள் தலையைத் திருகும் திசையிலேயே புதிய டேப்பை மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். மாற்றித் திசையில் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வந்துவிடும். டேப் குழாயின் வாய் விளிம்பைத் தாண்டி நீளக் கூடாது. நீண்ட நுனிதான் நூலாகப் பிய்ந்து வலையில் போய்ச் சிக்குகிறது. கையால் இறுக்கி, தேவைப்பட்டால் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும்.

அறிகுறி: வழவழப்பு, கருப்புப் படலம், வாடை

இது உப்பு அல்ல, நுண்ணுயிர்ப் படலம். வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டும் சேர்ந்த இடத்தில் அது வளரும். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவும் இப்படிப்பட்ட இடங்களில் தங்கும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய நிமோனியாவுக்குக் காரணம் தேடியபோது கண்டறியப்பட்ட கிருமி அது. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை நன்றாகப் பெருகும். நுண்துளிகளாகக் காற்றில் கலந்த தண்ணீரை மூச்சில் இழுக்கும்போது நுரையீரலுக்குப் போகும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

தலையை முழுதாகப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் பிரஷால் படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்பிறகு படிவுக்காக ஊறவையுங்கள். படிவின் சொரசொரப்பில்தான் படலம் பற்றிக்கொள்கிறது. ஒன்றை மட்டும் நீக்கினால் திரும்ப வரும். ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த குளியலறை என்றால், தண்ணீர் தெறிக்காதபடி ஷவர் தலையை ஒரு பையால் மூடி, பையின் அடி நுனியை வெட்டிவிட்டு, சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகு குளியுங்கள்.

பராமரிப்பு

படிவை விட்டுச் செல்வது உலரும் துளிகள்தான் என்று சொன்னேன். ஆகவே குளித்து முடித்ததும் கையில் பிடிக்கும் ஷவரைக் கீழ்நோக்கி இரண்டு முறை உதறுங்கள்; சுவர் ஷவரின் முகத்தைத் துண்டால் ஒருமுறை துடையுங்கள். ஐந்து வினாடி வேலை. ஊறவைக்கும் வேலையை இது முழுதாக ஒழிக்காது, தள்ளிப்போடும். வலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அலசுங்கள். தொட்டியைக் கழுவிய மறுநாளும், தெருக்குழாயில் வேலை நடந்து முடிந்த பிறகும் கூடுதலாக ஒருமுறை பாருங்கள். கலங்கிய மண் அப்போதுதான் வந்து சேரும்.

முகத்தட்டில் விரிசல் விழுந்தாலோ, பூச்சு செதில் செதிலாக உரிந்தாலோ, ஊசியால் குத்தித் துளைகள் கெட்டிருந்தாலோ மேற்கொண்டு ஊறவைத்துப் பயனில்லை, மாற்றிவிடலாம். புதிதாக வாங்கும்போது சிலிக்கான் முனைகள் இருக்கின்றனவா, முகத்தட்டைக் கழற்ற முடியுமா, மரை அரை அங்குல அளவுதானா என்று மூன்றையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் வாளிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். சுத்தமான ஷவரின் வினாடிக் கணக்கைத் தேதியோடு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, குளியலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுக் காகிதத்தில் 72 என்று இருக்கிறது. அது 90ஐத் தொட்டதும் வினிகரை எடுத்துவிடுவேன். அந்த நிலையில் படிவு மெல்லியதாக இருக்கும், அரை மணியில் கரைந்துவிடும்.